சைக்கிளை விட்டு இறங்கிய காலம்

மக்கள் ஒருவரோடொருவர் பழகுங்கால் எரிச்சலூட்டும் வழக்கங்கள் பல உண்டு. வெற்றிலை எச்சிலைக் கண்டவிடத்தில் உமிழ்தல், பிறர் பேசும்போது இடைமறித்துப் பேசுதல், வயதில் மூத்தவரை 'நீ' என விளித்தல் ஆகியன எல்லாம் அவ்வகையின. இவற்றைச் சிறு குற்றங்கள் என்று கொண்டு, முகம் சுளித்து அப்பால் நடந்து விடுகிறோம். வரலாற்று நூல்களும் இவற்றை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. போர்களையும் உடன்படிக்கைகளையும் பட்டங்களையும் எழுதுவார் சிலரே. எச்சிலையும் விளியையும் எழுதுவார் இலர்.

ஆயினும் சிறு வழக்கம் ஒன்று, நாள்தோறும் திரும்பத் திரும்ப நிகழ்ந்து, பல்லாயிரவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்து, ஈற்றில் ஒரு பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்றாக எழுந்த செய்தி நம் மலாயாத் தமிழரின் வரலாற்றில் உண்டு. தோட்டத்துச் சாலையில் சைக்கிளில் செல்லும் தொழிலாளி, எதிரே துரையோ கிராணியோ வரக் கண்டால் உடனே இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கமே அது. இதன் தோற்றம், வளர்ச்சி, வீழ்ச்சி ஆகியவற்றைக் கெடா மாநிலத்துத் தோட்டப்புறத்தை மனத்திற்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

மரியாதை என்னும் எல்லை

'மரியாதை' என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் மூலப்பொருள் எல்லை, கரை, வரம்பு என்பதாம். கடலுக்குக் கரை போல ஒவ்வொருவர்க்கும் ஓர் எல்லை உண்டென்றும், அதனைக் கடவாதிருத்தலே மரியாதை என்றும் பொருள் விரிந்தது. இவ்வாறு நோக்கின் மரியாதைக்கு இரண்டு முகங்கள் இருப்பது புலனாகும். ஒருவன் தன்னைத் தானே வரம்பிற்குள் நிறுத்திக்கொள்வது ஒரு முகம். ஒருவனைப் பிறன் வரம்பிற்குள் நிறுத்தி வைப்பது மற்றொரு முகம். முன்னது பண்பு, பின்னது அடக்குமுறை. இரண்டிற்கும் பெயர் ஒன்றாயிருப்பதே குழப்பத்திற்கு இடம்.

தமிழ் இலக்கணத்தார் இதனை அறிந்தே இருந்தனர். ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்லுதல் உலக வழக்கில் வந்த உயர்சொல் என்றும், அஃது இலக்கண முறைப்படி அமைந்த சொல்நெறி அன்று என்றும் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் கூறிச் செல்கிறார். அஃதாவது, 'அவர் வந்தார்' என்று ஒருவரைப் பன்மையிற் கூறுவது இயற்கை விதியன்று. மக்கள் தம்முள் கூடி ஏற்படுத்திக்கொண்ட வழக்கு. மக்கள் ஏற்படுத்தியதை மக்களே மாற்றலாம் என்பது அதனாற் பெறப்படும். யாரை 'அவர்' என்பது, யாரை 'அவன்' என்பது என்ற பங்கீடு ஒவ்வொரு காலத்தும் அதிகாரத்தின் நிழலிலேயே நடந்து வந்திருக்கிறது.

தோட்டத்துப் படிகள்

கெடா, நம் கல்வெட்டுகள் கடாரம் எனக் குறிக்கும் நாடு. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை சென்ற நாடு என்று பள்ளிப்பிள்ளைகள் படிக்கின்றனர். 'கடாரம் கொண்டான்' என்ற பட்டத்தை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் கெடாவின் தென்பகுதிக்கு வந்த தமிழர், நாடு கொள்ள வந்தவரல்லர். கூலி கொள்ள வந்தவர்.

1909ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கும் சயாமியருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் பின் கெடா ஆங்கிலேயரின் மேலாதிக்கத்துள் வந்தது. கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய் முதலிய ஊர்களைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கூலிம் மாவட்டத்துக் கரங்கான், பல பிரிவுகளாகப் பரந்து கிடந்த டப்ளின் தோட்டத்தை அண்டி வாழ்ந்த சிற்றூராகும். கங்காணிமார் ஆள் திரட்ட, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டத்து மக்கள், பினாங்கில் இறங்கி இத்தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர்.

தோட்டம் தனியுலகம். அதன் சாலையும் தோட்டத்துக்கே உரியது. லயமும் தோட்டத்துக்கே உரியது. உள்ளே யார் வரலாம், யார் வரலாகாது என்பதும் தோட்ட நிருவாகத்தின் முடிவே. அதன் படிமுறையை அங்கு வழங்கிய சொற்களே காட்டும். உச்சியில் பெரிய துரை. அடுத்துச் சின்னத் துரை. 'துரை' என்பது பாளையக்காரரையும் சமீன்தாரரையும் குறித்து, பின்னர் வெள்ளையர்க்கு உரியதாகிய சொல். அடுத்துக் கணக்கெழுதும் கிராணி. அதன்கீழ்க் கங்காணி; கண்காணிப்பவன் என்பதே அச்சொல். மண்டோர், தண்டல் என்ற சொற்களும் வழங்கின; மண்டோர் என்பது போர்த்துக்கேசியச் சொல் மலாய் வழியாக வந்தது. இத்தனை படிகளுக்கும் அடியில் பால்மரம் வெட்டுபவரும் புல் வெட்டுபவரும் நின்றனர்.

விடியுமுன் பெரட்டுக்கு வரிசையாக நிற்றல், பெயர் கூப்பிடக் கேட்டல், நிரை பிரித்துக்கொண்டு மரம் வெட்டுதல், மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் காண்டாக்கட்டையில் சுமந்துகொண்டு நிறுவைக்கு வருதல் என்று நாள் கழிந்தது. இவ்வுழைப்பு எல்லாவற்றிலும் பணிவின் சின்னங்கள் கலந்திருந்தன. துரை வரக் கண்டால் தலைத்துண்டை எடுத்தல், ஒதுங்கி நிற்றல், கும்பிடுதல், 'டா' என்றும் 'டீ' என்றும் விளிக்கப்படுங்கால் 'ஐயா' என்றே விடையிறுத்தல் ஆகியன எல்லாம் எழுதாச் சட்டங்கள். இவற்றை மீறுவோன் 'திமிர் பிடித்தவன்' எனப் பெயரெடுத்தான்.

தாயகத்திலிருந்து வந்த சரக்கு

இவ்வழக்கங்களை வெள்ளையரே புதிதாகப் படைத்தார் என்று சொல்வது முழு உண்மையாகாது. ஊரில் இருந்ததையே கப்பலில் ஏற்றி வந்து தோட்டத்தில் இறக்கினர் எனலாம்.

1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. பொன், வெள்ளி நகை அணியலாகாது, முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் ஆண்கள் ஆடை உடுத்தலாகாது, சட்டை, பனியன் போடலாகாது, தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளலாகாது, மண்கலம் தவிர வேறு கலம் புழங்கலாகாது, பெண்கள் மேலாடை அணியலாகாது, பூச்சூடலாகாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது என்பன அவை. அடுத்த ஆண்டு சூனில் தடைகள் பதினொன்றாயின. ஆங்கிலேய அதிகாரியும் மானிடவியல் அறிஞருமான அட்டன் தம் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

குடைக்கும் செருப்புக்கும் தடை என்ற ஊரிலிருந்து வந்தவனுக்குச் சைக்கிளை விட்டு இறங்கு என்பது அந்நியமான கட்டளையன்று. பழைய பாடத்தின் புதிய பயிற்சியே அது. துரைமார் செய்தது, இந்தப் பழைய பணிவைத் தம்பால் திருப்பிக்கொண்டதுதான். கிராணிமாரும் தமக்குரிய பங்கைக் கேட்டனர். வெள்ளையர்க்கு மட்டுமன்று, ஆசிய ஊழியர்க்கும் இறங்க வேண்டும் என்று வழக்கு நீண்டது. தன்னைப் போன்ற நிறமுடையான் முன் இறங்குவது தொழிலாளிக்கு இன்னும் கசப்பாயிருந்ததில் வியப்பில்லை.

அதே காலத்தில் எதிர்க்காற்றும் வீசத் தொடங்கிவிட்டது. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' தொடங்கியது. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்கப் பலர் கூடிக் கேட்கும் வழக்கம் லயங்களில் இருந்தமையால், நாளிதழின் சொற்கள் எழுத்தறியாதார் காதுக்கும் எட்டின.

சைக்கிள் வந்த கதை

தொழிலாளி காலால் நடந்த காலத்தில் ஒதுங்கி நிற்றல் ஒன்றே போதியதாயிருந்தது. 1930ஆம் ஆண்டுகளில் சப்பானிய சைக்கிள்கள் மலிவு விலையில் மலாயாச் சந்தையில் வந்து குவிந்தன. துரையின் காரும் பட்டணத்தாரின் வண்டியும் மட்டுமே ஓடிய சாலையில் கூலிக்காரனும் சக்கரத்தின்மேல் ஏறினான்.

இஃது எத்துணைப் பெரிய மாற்றம் என்பதை இன்று உணர்தல் அரிது. சைக்கிள் உடையவன் அடுத்த தோட்டத்து உறவினரைப் பார்த்துவரலாம், பட்டணத்துக் கடையில் விலை கேட்டுவரலாம், செய்தித்தாள் வாங்கிவரலாம், கூட்டத்துக்குப் போய்வரலாம். தோட்டம் என்ற மூடிய உலகின் வேலியில் சைக்கிள் ஒரு திறப்பை உண்டாக்கிற்று. அதன்மேல் இருப்பவன் நடப்பவனை விட உயரத்தில் இருக்கிறான் என்பதும் கருதத்தக்கது. காரில் அமர்ந்து வரும் துரைக்கு, தன் கண்மட்டத்துக்கு மேலே ஒரு தொழிலாளி முதுகு நிமிர்ந்து செல்வது பொறுக்கவில்லை.

ஆகவே 'இறங்கு' என்றனர். பால் வாளியைத் தொங்கவிட்டு மேட்டில் மிதித்து வருபவன் நடுவழியில் இறங்கி நிற்பதும், மீண்டும் ஏறி மிதிப்பதும் எளிய செயலன்று. துரை போன பின் சின்னத் துரை வரலாம். அவர் போன பின் கிராணி வரலாம். ஒரு மைல் தொலைவுக்குள் பன்முறை இறங்கி ஏற நேரலாம். ஆனால் உடல் வருத்தம் பெரிதன்று. தன் சொந்தக் கூலியில், காசு காசாகச் சேர்த்து வாங்கிய ஒரே பொருளின்மேலும் தனக்கு முழு உரிமை இல்லை என்று நாள்தோறும் நினைவூட்டப்படுவதே வருத்தம்.

இதில் நிருவாகத்துக்கு என்ன ஆதாயம்? பல நூறு தொழிலாளர் உள்ள தோட்டத்தில் வெள்ளையர் ஓரிருவரே இருந்தனர். அவர்கள் 'மதிப்பு' என்று அழைத்த ஒன்றே அவர்களின் காவல். பணிவை நாள்தோறும் செயலால் புதுப்பிக்கச் செய்தால், அது பழக்கமாகும். பழக்கமானால் கேள்வி எழாது. இதற்குக் காசும் செலவில்லை. ஆதலால்தான் இச்சிறு வழக்கத்தைக் கைவிட அவர்கள் மனமிசையவில்லை.

1941: ஒரு பட்டியலில் பன்னிரண்டில் ஒன்று

1937ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளரின் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1938ஆம் ஆண்டு சூனில் இந்திய அரசு, உதவி பெற்று மலாயா செல்லும் உடலுழைப்பாளர் குடியேற்றத்தைத் தடுத்தது. புது ஆட்கள் வருவது நின்றது. அடுத்து ஐரோப்பாவில் போர் மூண்டு இரப்பரின் தேவை ஏறிற்று. ஆள் குறைவு, வேலை மிகுதி. தொழிலாளியின் பேச்சுக்குச் சற்றே மதிப்பு வந்தது. சீனத் தொழிலாளர் அதே வேலைக்கு மிகுதியாக ஊதியம் பெறுவதையும் தமிழர் கண்டனர்.

இச்சூழலில் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத்தில் இந்தியர் சங்கம் ஒன்று தோட்டத் தொழிலாளரைத் திரட்டிற்று. அதன் முன்னணியில் நின்றவர் 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவிற் பணியாற்றிய ஆர். எச். நாதன். 1941ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்கள் பரவியபோது எழுந்த கோரிக்கைகளை நோக்குக: சீனருக்கு நிகரான கூலி, கொடுமை செய்யும் ஆசிய ஊழியரை நீக்கித் தமிழறிந்தாரை அமர்த்துதல், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, தோட்டத்துப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பேசவும் கூடவும் உரிமை, உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை, நெடுநேர வேலையை ஒழித்தல், கோரிக்கை கேட்டவரைப் பழிவாங்காமை, சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு ஒன்றாக, ஐரோப்பியர் முன்னும் ஆசிய ஊழியர் முன்னும் தொழிலாளர் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல இசைவு தரல்.

கூலியும் கல்வியும் மருத்துவமும் நின்ற வரிசையில் சைக்கிளும் நின்றது. இதனைக் கண்டு நகைப்பார் உளராயின் அவர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கூலி திங்களுக்கு ஒருமுறை கைக்கு வருவது. நோய் எப்போதோ வருவது. இறங்குதலோ நாள்தோறும் வருவது. பட்டியலை எழுதியவர், தொழிலாளியின் ஒரு நாள் முழுவதையும் மனத்திற்கொண்டே எழுதினர். வயிற்றுக்கு ஒன்றும் மானத்துக்கு ஒன்றும் தனித்தனியே கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்தே கேட்டனர்.

மே 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டுப் பின் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் இன்னும் பரவிற்று. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். இயக்கம் அப்போதைக்கு ஒடுங்கிற்று.

பிறநாட்டுச் சான்றுகள்

இத்தகைய சிறு சின்னங்களுக்காக மக்கள் போராடியது மலாயாவில் மட்டுமன்று. ஆங்கிலேயரின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 'குவேக்கர்' எனப்படும் சமயத்தார், மனிதன்முன் தொப்பியைக் கழற்ற மறுத்தனர். 1670ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் பென் என்பாரும் அவர் நண்பரும் வழக்குமன்றில் தொப்பியோடு நின்றதற்காகத் தண்டம் விதிக்கப்பெற்றனர்.

பர்மாவில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. மாந்தளை அரண்மனையில் மன்னர்முன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமரவேண்டும் என்பது முறை. 1875ஆம் ஆண்டு, ஆங்கிலேயப் பிரதிநிதி இனி அவ்வாறு கழற்றலாகாது என்று இந்திய அரசு கட்டளையிட்டது. மிண்டோன் மன்னரோ தம் அரண்மனை முறையை விடவில்லை. பிரதிநிதி மன்னரைக் காண்பதே நின்றுபோயிற்று. தம் காற்செருப்பு மானத்தின் சின்னம் என்று ஒரு நாட்டின் உறவையே பணயம் வைத்தவர்கள், இன்னொரு நாட்டில் கூலித் தொழிலாளியின் சைக்கிள் இருக்கையைச் சிறு செய்தி என்றனர். தமக்கு நேர்ந்தால் மானம். பிறர்க்கு நேர்ந்தால் அற்பம். ஆதிக்கத்தின் அளவுகோல் என்றும் இதுவே.

தமிழர்க்கு நெருங்கிய சான்று தென்னாப்பிரிக்காவில் உண்டு. 1894ஆம் ஆண்டளவில் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி, முதலாளியால் அடியுண்டு பல் உடைந்து, தலைத்துண்டைக் கையிற் பிடித்தவண்ணம் காந்தியடிகள் முன் வந்து நின்றார். வெள்ளையரைக் காணச் செல்வோர் தலைத்துண்டைக் கழற்ற வேண்டும் என்பது அங்கு வழக்கு. அதே பணிவை அவர் தம் நாட்டார் ஒருவர்க்கும் காட்டினார். காந்தியடிகள் அத்துண்டைத் தலையிற் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறரைத் தாழ்த்தி மனிதர் எவ்வாறு பெருமையடைகின்றனர் என்பது தமக்கு விளங்கவில்லை என்று அவர் தம் சுயசரிதையில் கருதுகிறார். வழக்கு நடத்துமுன் அவர் செய்த முதற்செயல் இது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

வணங்குவார் மாறினர்

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியர் சயாமின் தென்கரையில் இறங்கிக் கெடாவுக்குள் புகுந்தனர். சித்ராவில் 11, 12ஆம் நாட்களில் பிரிட்டிஷ் அணி உடைந்தது. சில நாட்களில் குரூணும் வீழ்ந்தது. கெடாவின் சாலைகளில் சப்பானியக் காலாட்படையினர் சைக்கிளில் வந்தனர். எந்தச் சாலையில் தமிழன் சைக்கிளை விட்டு இறங்கி நின்றானோ, அதே சாலையில் சைக்கிளில் வந்த ஆசியப் படை துரைமாரை ஓட்டிற்று. டிசம்பர் 16ஆம் நாள் இரவு பினாங்கிலிருந்து ஐரோப்பியர் மட்டும் கப்பலேற்றி அப்புறப்படுத்தப்பட்டனர். ஆசிய மக்கள் விடப்பட்டனர். 'மதிப்பு' என்று கட்டிக் காத்தது சில நாட்களிற் கரைந்தது.

ஆயினும் தொழிலாளிக்கு விடிவு வரவில்லை. சப்பானியக் காவலர்முன் குனிந்து வணங்காதவர் கன்னத்தில் அறையுண்டனர். வணங்கப்படுவோர் மாறினரே ஒழிய வணக்கம் மாறவில்லை. பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே மடிந்தனர்.

இக்கொடுமைக்கு நடுவே ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் வந்தபின் இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத் தொழிலாளரும் சேர்ந்தனர். பெண்கள் ஜான்சி ராணி படையிற் சேர்ந்தனர். முதுகு வளைத்துக் கும்பிட்டவர், நிமிர்ந்து நின்று 'ஜெய் ஹிந்த்' என்று கைதூக்கக் கற்றனர். போரின் முடிவில் அப்படை கலைந்தது. நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தவாறே தோட்டத்துக்குத் திரும்பிற்று.

கெடாவில் தொண்டர் படை

போருக்குப்பின் திரும்பிவந்த நிருவாகிகள் பழைய முறைகளையே எதிர்பார்த்தனர். ஆனால் கெடாவில் அவர்கள் கண்டது வேறு. பீடோங்கை அடுத்த ஆர்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை தோன்றிற்று. சீருடையும் அணிவகுப்பும் கொண்ட இளைஞர் கூட்டம் அது. அதன் முதற்குறி துரை அன்று; கள்.

இதனை ஊன்றி நோக்க வேண்டும். மாலையில் கள்ளுக்கடைமுன் கூடுதல், குடித்துவிட்டு லயத்தில் கூச்சலிடுதல், கூலியைக் கடையிலேயே இழந்து வெறுங்கையோடு வீடு திரும்புதல் என்பன குடும்பப் பெண்டிர் நாள்தோறும் சகித்த தொல்லைகள். இவ்வழக்கத்தை ஊட்டி வளர்த்தது கள்ளுக்கடை ஏற்பாடு. கடையின் வருவாயைத் தொழிலாளர் நலநிதி என்ற பெயரால் திருவிழாவுக்கும் பொழுதுபோக்குக்கும் செலவிட்டனர். தொழிலாளியின் காசைக் கள்ளின் வழியே வாங்கி, அதிற் சிறிது திருப்பித் தருவது நலமாயிற்று.

1941ஆம் ஆண்டுப் பட்டியலில் சைக்கிளும் கள்ளுக்கடையும் ஒருங்கே இடம்பெற்றதன் நுட்பம் இங்கு விளங்கும். ஒன்று பிறர் நம்மீது சுமத்திய இழிவு. மற்றொன்று நாமே சுமந்துகொண்ட இழிவு. முன்னதை ஒழிக்கத் துணிவு வேண்டும். பின்னதை ஒழிக்கத் தன்னடக்கமும் வேண்டும். தொண்டர் படை இரண்டாவதிலிருந்து தொடங்கி முதலாவதற்குச் சென்றது, தொழிற்சங்கத்தோடு கைகோத்தது. குடித்தவரைத் தண்டித்த கடுமையும் அதன்கண் இருந்தது. நன்னோக்கம் உடையாரும் அடக்குமுறையை எளிதிற் கற்றுக்கொள்வர் என்பதற்கு அது சான்று.

அரசு இதனைத் தனி ஆட்சி முயற்சி என்று கண்டது. 1947ஆம் ஆண்டு பீடோங்கில் கள்ளுக்கடை மறியலையொட்டிப் போலீசாருடன் மோதல் ஏற்பட்டுப் பலர் கைதாயினர். அதே ஆண்டு கரங்கானை அடுத்த டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். 1948ஆம் ஆண்டு சூனில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் பழைய சங்கங்கள் சிதறின. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகிப் பேச்சுவார்த்தை என்ற வேறு வழியிற் பணி தொடர்ந்தது.

சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒரு நாளில் சட்டத்தால் ஒழியவில்லை. போருக்குப்பின் ஒருவன் இறங்காமற் சென்றான், ஒன்றும் நேரவில்லை. அடுத்த நாள் இன்னொருவன் சென்றான். இவ்வாறே அது தேய்ந்து மறைந்தது. பழக்கமாக வந்தது பழக்கமாகவே போயிற்று.

அதன்பின் வந்த ஒரு நிகழ்ச்சி குறிக்கத்தக்கது. 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வெளியேற்றப்படுவதைத் தடுக்க, தொழிலாளரிடமே சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டம் வாங்குவது அதன் நோக்கம். அச்சங்கம் முதலில் வாங்கியது கெடாவைச் சேர்ந்த புக்கிட் சிடிம் தோட்டம். துரையின் சாலையில் இறங்கி நின்றவரின் மக்கள், பங்குதாரராகி அச்சாலைக்கே உரியவராயினர்.

விட்டதும் விடாததும்

இனி நம்மை நாமே நோக்குவோம். இறங்கும் வழக்கம் மறைந்தது. அதனை ஈன்ற மனப்பான்மையும் மறைந்ததா? தோட்டங்களில் இன்று வங்காள தேசத்தாரும் இந்தோனேசியரும் நேபாளியரும் பெருந்தொகையாக உழைக்கின்றனர். கடையிலும் சாலையிலும் அவர்களை நாம் எவ்வாறு விளிக்கிறோம்? அவர்தம் பெயரைக் கேட்டறிந்து அழைப்பவர் எத்தனை பேர்? நாட்டின் பெயரையே ஆளின் பெயராக்கி, ஒருமையில் ஏவுவார் நம்முள்ளும் உண்டு. ஒரு காலத்தில் நம் பாட்டன்மாரையும் பெயரால் அழையாது 'கூலி' என்ற பொதுச்சொல்லால் அழைத்தனர். அச்சொல் அவர்கள் நெஞ்சில் எவ்வாறு தைத்தது என்பதை அறிந்த நாம், வேறொரு சொல்லைக் கையிலெடுப்பது தகுமா?

ஒரு வழக்கம் சிறியதா பெரியதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. அதனைச் செய்பவனைக் கேட்டால் சிறியது என்பான். அதனைச் சகிப்பவனைக் கேட்க வேண்டும். வள்ளுவர் மானத்துக்கு ஓர் அதிகாரமும் பண்புடைமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். தன் மானத்தைக் காப்பது முன்னது. பிறர் மானத்தைக் காப்பது பின்னது. ஒன்றைக் கற்று மற்றொன்றை விடுதல் அரைக் கல்வியாகும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கிள்ளான் கோரிக்கைப் பட்டியல் அரசு ஏடுகளிற் பதிந்தமையால் நமக்குக் கிடைத்தது. ஆனால் இறங்கி நின்றபோது ஒருவர் என்ன நினைத்தார், முதன்முறை இறங்காமற் சென்றபோது நெஞ்சு எவ்வாறு துடித்தது என்பது எந்த ஏட்டிலும் இல்லை. தந்தையார் சொல்லக் கேட்ட முதியோர் கரங்கானிலும் பீடோங்கிலும் கூலிமிலும் இன்னும் உளர். மாணவர் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வரட்டும். 'கரங்கான்' என்ற சொல் மலாய் மொழியில் கட்டுரை என்றும் பொருள்படும். அவ்வூர்ப் பிள்ளைகள் எழுத வேண்டிய முதற்கட்டுரைக்குத் தலைப்பு அவர்தம் வீட்டுத் திண்ணையிலேயே காத்திருக்கிறது. திண்ணையில் இருப்பவர் போய்விடுமுன் அது எழுதப்பட வேண்டும்.